கிண்ணம் சின்னத்தில் நின்ற காஜாக்காரர்

எங்கள் தையல்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுத்தவரை எல்லோரும் காஜா என்றுதான் கூப்பிட்டோம். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். பொத்தான் துளையைச் சுற்றி நூல் ஓட ஓட, மனிதர் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பார். மூன்று முறை கூப்பிட்டால்தான் தரைக்கு வருவார்.

அப்படி மிதந்த ஒரு மத்தியானம், கவுன்சிலரின் கையாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தேர்தலில் நிற்கச் சொன்னான். பிரசாரம் வேண்டாம், வீட்டில்கூட மூச்சு விட வேண்டாம், கையெழுத்து போட்டால் போதும் என்றான். காஜா சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

"உங்க பேரு அச்சுல வரும்ணே. ஊரே பாக்கும்."

அதன்பின் கடையில் அவருடைய உடம்புதான் இருந்தது. நினைப்பில் உயரமான நாற்காலியில் சாய்ந்து, யாரோ நீட்டும் காகிதங்களில் தன் முழுப்பெயரை எழுதிக்கொண்டே இருப்பாராம். ஜன்னல் திரை மெல்ல அசையுமாம். பிறகு அவரே சொன்னது.

அதே பெயர், அதே இனிஷியலில் எங்கள் தெரு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரும் நின்றார். ஆஸ்பத்திரியை மூடிவிட்டுக் கடைகள் கட்டக் கவுன்சிலர் துடித்தார். அதைத் தடுக்கத்தான் கம்பவுண்டர் இறங்கினார். காஜாவுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும், "ஏன் என்னைக் கூப்பிட்டாய்" என்று கையாளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதில்தான் எனக்கு இன்னமும் ஆத்திரம். மூச்சிரைப்புக்கு அவர் மனைவி வாரம் இருமுறை மருந்து வாங்கிய இடம் அது.

மேடையில் கவுன்சிலர் கம்பவுண்டரை ஒரு வார்த்தை திட்டவில்லை. "என் அருமைச் சகோதரர்" என்றே பேசினார். கம்பவுண்டருக்குத் தொப்பி சின்னம். காஜாவுக்குக் கவிழ்த்துவைத்த கிண்ணம், கையாள் பார்த்துப் பார்த்துக் கேட்டு வாங்கியது.

ஓட்டுப் போடும் அன்று காஜா தன் பெயரை ஆசை தீரப் பார்த்துவிட்டு, தொப்பியைத்தான் அமுக்கினார். கம்பவுண்டர் கவுன்சிலரிடம் நாற்பத்தொரு ஓட்டில் தோற்றார். கிண்ணத்துக்கு இருநூற்றுப் பதினாறு. மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரிக்குப் பூட்டு விழுந்தது.

அடுத்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் நாளே நிறுத்தத்தில் மனைவி மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாதமாக உள்ளே வைத்துப் புழுங்கியதை அப்போதுதான் கொட்டினாள்.

"எனக்கு எழுத்துதான் தெரியாது, படமுமா தெரியாமப் போகணும்? தொப்பின்னு நெனச்சுக் கிண்ணத்தை அமுக்கிட்டேங்க. என் மருந்தை நானே கெடுத்துக்கிட்டேன். யாருங்க அந்தக் கிண்ணம்?"

"நான்தான்" என்றார் காஜா.

பஸ் வந்தது. அவர் கையிலிருந்த தன் பையை வாங்கிக்கொண்டு, அவள் தனியாக ஏறிப் போனாள்.