தாலாட்டு நின்றுபோன மத்தியானம்

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு வரிசை வீட்டில் நானும் என் கைக்குழந்தையும் பகலெல்லாம் தனியாக இருப்போம். இலவசப் பாட்டு ஆப் ஒன்றில் வரும் தாலாட்டைப் போட்டால்தான் அவன் தூங்குவான். பக்கத்து வீட்டு அண்ணன் லேத் பட்டறையில் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்குவார் என்பதால், சத்தத்தைப் பயந்து பயந்து குறைத்தே வைப்பேன்.

ஒருநாள் மத்தியானம் ஆப்பைத் திறந்தால், சேவை முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு மட்டும் வந்தது. வேறெங்கு தேடியும் அந்தப் பாட்டு கிடைக்கவில்லை. மகன் வீறிட்டு அழுதான். எனக்கும் அழுகை முட்டியது. அப்போது கதவைத் தட்டியது அந்த அண்ணன்தான்.

"மன்னிச்சுக்குங்கண்ணா, அந்தப் பாட்டு ஆப்பையே மூடிப்போட்டாங்க. அதான் அழுகறான்" என்றேன்.

"ஏன் பாட்டக் காணோம்னு கேக்கத்தானுங்க அம்மணி வந்தேன். அது கேட்டாத்தான் எனக்கும் தூக்கம் வருதுங்க" என்றவர், கூச்சத்தோடு வாசலில் நின்றபடியே அதைப் பாடினார். வார்த்தைகள் பாதி தப்பு, சுருதியும் சேரவில்லை. மகன் அழுகையை நிறுத்தி அவர் வாயையே பார்த்தான். இரண்டாம் முறை பாடும்போது என் தோளில் தூங்கிப்போனான்.

"சரிங்க அம்மணி, நானும் போய்ப் படுக்கறனுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சுவருக்கு அந்தப்புறம் ஒருவர் இருக்கிறார் என்பது அதுவரை எனக்குப் பயமாகவே இருந்தது. இப்போது அதுதான் என் தைரியம்.