நான் போட்ட மாலை

பீர்க்கன்கரணை ஏரியைச் சுற்றித் தினமும் காலையில் நண்பர்கள் எட்டுப் பேர் ஓடுவோம். ஓட வராதவனின் போட்டோவுக்கு மாலை போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் விடுவது எங்கள் வழக்கம். அந்தக் கேலியைத் தொடங்கி வைத்தவனே நான்தான்.

ஜெபராஜ் காய்ச்சலில் படுத்து இரண்டு நாள் வரவில்லை. அவன் சிரிக்கும் படத்துக்கு மாலை போட்டுவிட்டேன். உடனே போன் செய்தான்.

"மச்சான், உடம்பு அனலா கொதிக்குதுடா."

"சும்மா சீன் போடாத. ரெண்டு ரவுண்டு ஓடு, வேர்த்தா காய்ச்சல் தானா இறங்கிடும்."

மறுநாள் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தான். கண்கள் சிவந்திருந்தன. முதல் சுற்று முடிவதற்குள் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தவன், "நீ ஓடுடா, வந்துடறேன்" என்றான். நானும் ஓடினேன். சுற்றி வந்தபோது அவன் விழுந்து கிடந்தான். காய்ச்சல் இதயத்தையும் தாக்கியிருந்ததாம். ஓய்வில் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அடக்கத்துக்கு முன் அவன் மனைவி என்னிடம் வந்தாள்.

"அண்ணா, போஸ்டர் அடிக்கணும். அவர் போட்டோ இருக்கா?"

போனைத் திறந்ததும் அந்தப் படம்தான் வந்தது. மறைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"அதுக்குள்ள மாலைகூடப் போட்டுட்டீங்களாண்ணா? உங்களுக்குத்தான் அவர்மேல எவ்ளோ பாசம்" என்று அழுதாள்.

அதை எப்போது போட்டேன் என்று நான் சொல்லவில்லை. இன்றும் அவர்கள் வீட்டுச் சுவரில் அந்தப் படம்தான் இருக்கிறது.