சேட்டு கொடுத்த கல்

போன மாதம் சேலத்தில் ஒரு கைவினைப் பொருட்காட்சிக்குப் போயிருந்தேன். போனது தலையணை உறை வாங்கத்தான். ஆனால் நகைக்கடை முன்னால் கால் நின்றுவிட்டது. கருப்புக் கல் பதக்கம் ஒன்று. எண்ணெய் தடவி வாரிய தலைமுடி போல மின்னும் கருப்பு. அதன்மேல் தும்பைப் பூ உதிர்ந்து கிடப்பது போலச் சாம்பல் வெள்ளையில் சின்னச் சின்னப் பூக்கள்.

"தொட்டுப் பாருங்க மேடம்" என்றாள் விற்கிற பெண். தொடவே வேண்டாம், அந்தக் கல்லை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கன்றுக்குட்டியின் கழுத்தில் அது தொங்கியிருக்கிறது.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து சின்னசேலம் போகிற சாலையை ஒட்டி எங்கள் ஊர். எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் சாலை மறியல் செய்த வருஷம், நான் எட்டாவது படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான், இப்போதும் குறைந்துவிடவில்லை. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையை நான்தான் வாசிப்பேன். நடுவில் யாராவது பேசினால், அவர்கள் முடிக்கும்வரை முறைத்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் காலையில் சித்தப்பாவும் ஊர் ஆட்களும் சாலையோரப் புளியமரத்தை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். இன்றைக்கும் எங்காவது புளியங்கொழுந்தைக் கசக்கினால் எனக்கு அந்த மறியல்தான் ஞாபகம் வரும். "எல்லாம் உனுக்காகத்தாண்டி. நாளைக்கி நீ காலேஜி போவணும்ல" என்றார் சித்தப்பா. ஒரு சாலையே எனக்காக நிற்கிறது என்று நம்பி, பள்ளிக்கூடம் இல்லாத அந்த நாட்களில் மிக விறைப்பாக நடந்துகொண்டிருந்தேன்.

நின்றுபோன வண்டிகளில் ஒன்று, ராஜஸ்தானிலிருந்து சலவைக்கல் ஏற்றி வந்த லாரி. கதவில் மஞ்சள் பெயின்ட்டில் ஏதோ எழுதியிருந்தது. டிரைவர் மீசை நரைத்த மனிதர். வடக்கத்திக்காரர் யாராக இருந்தாலும் எங்களுக்குச் சேட்டுதான். சேட்டு வைத்திருந்த கோதுமை மாவு ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. அம்மா களியும் கீரைக் குழம்பும் எடுத்துப் போனாள். அவர் களியைச் சப்பாத்தி போல மென்று மென்று திணறியதைப் பார்த்து, ஓர் உருண்டையைத் தானே விழுங்கிக் காட்டினாள்.

"இன்னா அண்ணி, நாங்க மறிக்கிறோம், நீ விருந்து வெக்கிறியா?" என்று சித்தப்பா கிண்டல் செய்தார்.

"நீ மரத்த வெட்டிட்டு வூட்டுக்கு வந்து துன்ற. அந்தாளு எங்க போயி துன்னுவாரு?"

நான்காம் நாள் வழிவிட்டார்கள். கிளம்பும்போது சேட்டு சட்டைப் பையிலிருந்து துளையிட்ட ஒரு கல்லை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். தூரத்தில் தெரிந்த கல்வராயன் மலையைக் காட்டினார். கைகளை மேலே வீசித் தீ என்று சைகை செய்தார், பிறகு வழிந்து ஓடுவது போல இறக்கினார், கல்லைத் தொட்டார். பங்குனி மாதம் மலையில் புல் பற்றி எரிவதைப் பார்த்துப் பழகிய அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "மல எரிஞ்சி உருகி வந்த கல்லாம்டி. பாரு, சாம்பல்கூட ஒட்டிக்கினு கீது."

கருப்புக் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டாள். தாலியைத் தவிர அவள் கழுத்தில் நான் பார்த்த முதல் நகை. தண்ணீர்க் குழாய்க்குப் போகும்போது மறக்காமல் அதைப் புடவைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொள்வாள்.

அந்தக் குழாயடியில்தான், அத்தனை பேர் முன்னால், நான் என் படிப்பைக் காட்டினேன். கல்லின் ஓரத்தில் சின்ன உடைசல் இருந்தது. சோடா பாட்டில் சில்லு போல வழவழவென்று வளைந்த உடைசல். வெயிலில் பிடித்தால் அந்த விளிம்பில் வெளிச்சம் ஊடுருவியது.

"இது கண்ணாடிம்மா. கல்லே இல்ல. மல எரிஞ்சா கல்லு உருகுமா? சேட்டு உன்ன நல்லா ஏமாத்திட்டாரு."

எங்கள் பக்கம் நகையைக் கண்ணாடி என்றால் போலி என்று அர்த்தம். பெண்கள் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து, "இன்னாக்கா, வைரத்த வூட்ல பூட்டி வெச்சிட்டு வந்துட்டியா?" என்று கேலி. அம்மா, "படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொல்லி, திருஷ்டிக்காவது ஆகட்டுமென்று கல்லைக் கன்றின் கழுத்தில் கட்டிவிட்டாள். அடுத்த வருஷம் கன்றோடு அதுவும் சந்தைக்குப் போய்விட்டது.

பொருட்காட்சியில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "இது கல்லா, கண்ணாடியா?"

"கண்ணாடிதான் மேடம். ஆனா மனுஷன் செஞ்சதில்ல. எரிமலைக் குழம்பு சட்டுனு ஆறி ஒறஞ்சது. ரொம்ப காலம் கழிச்சி அந்தக் கண்ணாடி கல்லா மாற ஆரம்பிக்கும்ல, அந்த எடம்தான் இந்த வெள்ளப் பூ."

வாங்கிக்கொண்டு சனிக்கிழமை பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சேட்டு காட்டியது எரிமலையை என்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்தாளு பொய் சொல்லல?"

"இல்லம்மா. நான்தான்…"

"நீயும் கண்ணாடின்னு சரியாத்தான சொன்ன" என்றாள். கழுத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டுப் பதக்கத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "நீயே போட்டுக்க. இது நீ வாங்கனது. அது அவரு குடுத்தது."

சாலைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான்கு வழிச் சாலையாக்கியபோது மிச்சப் புளியமரங்களும் போய்விட்டன. லாரி எங்கே நின்றது என்று காட்ட ஓர் அடையாளம் இல்லை.

"மூணு நாளு சோறு போட்டமே, அவரு பேரு இன்னாடி?"

நாங்கள் கேட்கவே இல்லை. லாரிக் கதவில் மஞ்சளாக எழுதியிருந்தது ஒருவேளை அவர் பேராக இருந்திருக்கலாம். அது இந்தி. எனக்குப் படிக்கத் தெரியாது.