தோர்கில்ஸுக்குப் பன்னிரண்டு பேர்

ஸ்டெய்ன்வோருக்கு மூக்குக்கு மேல் கோபம் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் இடத்தில் இருந்தால் இவர்கள் மட்டும் சிரித்துக்கொண்டா இருப்பார்கள்?

அவளுக்கு வயது அறுபத்திரண்டு. நூற்று நாற்பது ஆடுகள். மீன் பிடிக்கப் போன புருஷன் திரும்பவில்லை. காலையில் தொழுவம், மதியம் எங்கள் ஊர்ச் சூனிய அருங்காட்சியகத்தில் தரை துடைக்கிற வேலை. அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டியை மட்டும் உடைத்துவிடுவதுபோல அழுத்தித் துடைப்பாள். உள்ளே ஒரு சாண் நீளக் குச்சி, அதில் கீறல்களும் ரூன் என்கிற பழங்கால எழுத்துகளும். 'பாதிரியாரின் மகளை நோயில் தள்ளிய மந்திரக்கோல். செய்த சூனியக்காரன் தோர்கில்ஸ் எரிக்கப்பட்டான்' என்று பக்கத்தில் அட்டை. முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த தோர்கில்ஸ் அவளுடைய முப்பாட்டனுக்கும் முப்பாட்டன். அவன் பண்ணையில்தான் அவள் இன்றும் ஆடு வளர்க்கிறாள்.

போன செப்டம்பரில், மலையிலிருந்து ஆடுகளை இறக்கி, பண்ணைக்கு ஒரு விதமாகக் காதில் போட்டிருக்கும் வெட்டைப் பார்த்துப் பிரித்துவிட்டு நேராக வேலைக்கு வந்தாள். பெட்டியைத் துடைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இடக்காது நுனி வெட்டு, வலக்காதில் இரண்டு பிளவு. குச்சியில் கீறியிருந்தது அவள் பண்ணையின் காதுக்குறி. அதற்குக் கீழே அக்கம்பக்கத்துப் பண்ணைகளின் குறிகள், ரூன் எழுத்தில் அவற்றின் பெயர்கள்.

மறுநாள் ஒரு கிடாவை இழுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தாள். நிர்வாகி ஹால்வர்தூர் பதறி எழுந்தான்.

"இந்தக் காதைப் பாரு, அந்தக் குச்சியப் பாரு. எதுய்யா மந்திரம்? எந்த ஆடு யாரோடதுன்னு பிரிக்க வெச்சிருந்த குச்சி. இதுக்கா ஒரு மனுஷனக் கொளுத்துனீங்க?"

"நானா கொளுத்துனேன்? முதல்ல கிடாவ வெளிய கொண்டு போ, புழுக்கை போடுது!"

"போடட்டும். துடைக்கிறவ நான்தானே."

"இங்க பாரு, சூனியக்காரனப் பாக்கத்தான் பஸ் பஸ்ஸா வர்றாங்க. ஆட்டுக்காரனப் பாக்க எவன் வருவான்?" என்றவன், இளித்துக்கொண்டே சொன்னான்: "சரி, அந்தக் காலத்து வழக்கப்படியே செய்வோம். ஊர்ல பன்னெண்டு பேர் கையெழுத்து வாங்கிட்டு வா. அட்டைய மாத்திடறேன்."

அந்தக் காலத்தில் குற்றம் சாட்டப்பட்டவனுக்காக அண்டை அயலார் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்தால் அவன் தப்பிக்கலாம். தோர்கில்ஸுக்கு வந்தவர்கள் நாலே பேர். மற்றவர்களுக்குக் காதுக்குறி தெரியாதா? ஒவ்வொருவன் வீட்டிலும் ஆடு இருந்தது. தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், பாவிகள்.

ஸ்டெய்ன்வோர் காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். குச்சியின் படத்தைக் காட்டியதுமே எல்லோரும் "காதுக்குறிதான், சந்தேகமே இல்ல" என்றார்கள். கையெழுத்து என்றதும் பாதிப் பேருக்கு அடுப்பில் ஏதோ தீய்ந்தது. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்கள் கதவையே திறக்கவில்லை. எப்படியோ பதினொன்று தேறியது.

கடைசியாக மிச்சமிருந்தது என் பெட்ரோல் பங்க். அந்தப் பஸ்களுக்கு டீசல் போடுகிறவன் நான். இறங்குகிறவர்களுக்குக் காபி விற்கிறவனும் நான்தான்.

காகிதத்தை என் முன்னால் வைத்தாள். "நீயும் ஆடு வளத்தவன்தானே. இது என்னன்னு சொல்லு."

"காதுக்குறி."

"அப்பப் போடு."

"ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றேனே. பஸ் நின்னுட்டா நான் கடைய இழுத்து மூட வேண்டியதுதான்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காகிதத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"அன்னிக்கும் இப்படித்தான் யோசிச்சிருப்பானுங்க. அதுக்குள்ள வெறகு அடுக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

அட்டை இன்னும் மாறவில்லை. அன்றைக்குப் பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.