எட்டு முறை அணைத்த கணினி

ஐந்து மாத விடுப்பு முடிந்து இர்மெலி மர ஆலைக்குத் திரும்பி அன்று நான்காவது நாள்.

பிப்ரவரியில் அவள் கணவர் என்ஸியோ, உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், முக்காலியில் உட்கார்ந்தபடியே செத்துப்போனார். அவள் அழவில்லை. அடக்கத்தின்போதும் அழவில்லை. மருத்துவர் அதற்கு ஏதோ பெயர் சொல்லி விடுப்பு எழுதிக் கொடுத்தார். அந்த விடுப்பால் நன்மை விளைந்தது என்று சொல்ல முடியாது. வீட்டு உறைபெட்டி நிறைய என்ஸியோ சீவி வைத்த மீன் துண்டுகள், ஒவ்வொரு பையிலும் அவர் கையெழுத்தில் தேதி. அவள் தேதி வரிசைப்படி எடுத்துப் பொரித்தாள். உப்புப் போட்டோமா இல்லையா என்பது தின்று முடித்த பிறகும் தெரியாது. மற்ற நேரமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். வெளியே பார்ப்பதுபோல் இருக்கும், பார்க்கமாட்டாள்.

பகலில் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அவளுக்குத் தீர்மானமாகத் தெரிந்தது இது ஒன்றுதான்.

ஆலையின் மின்சாரமும் கணினிகளும் முப்பத்தொரு வருடமாக அவள் பொறுப்பு. உள்ளே வரும் ஒவ்வொரு மரத்தையும் அளந்து, எப்படி அறுத்தால் பலகை அதிகம் தேறும் என்று முடிவு செய்யும் கணினி ஒன்று ரம்ப அறையை ஒட்டி இருந்தது. அவள் இல்லாதபோது வாங்கிப் போட்டது. இப்போது அது அடிக்கடி திணறியது. ரேம் என்னும் நினைவக அட்டை போதவில்லை, பெரியதாக மாற்றினால் போதும் என்று சொன்னவள் இர்மெலிதான். மேற்பார்வையாளர் அஸ்கோ சம்மதித்து, வெள்ளிக்கிழமை காலை ரம்பத்தை நிறுத்திக் கொடுத்தார். ஒன்பதரைக்கு மறுபடி ஓட வேண்டும்.

ஆறரை மணிக்குப் பழைய ரேம் இரண்டையும் கழற்றிவிட்டுப் புதியவற்றைச் செருகினாள். பொத்தானை அழுத்தினாள். மின்விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே ரேமுக்குப் பக்கத்தில் கடுகளவு ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிந்தது. அறுபது வரை எண்ணினாள். பிழைக்கிற கணினி எதுவும் அதைச் சொல்ல ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு அவள் பார்த்ததில்லை. பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தாள்.

சரியாக உட்காரவில்லை போலும் என்று, இரண்டு முனையும் சொடுக்கிப் பூட்டும்வரை அழுத்திச் செருகினாள். கறுப்பு. அறுபது. அணைத்தாள். தொடுமுனைகளை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்தாள். கறுப்பு. ஒன்றை மட்டும் போட்டாள், பிறகு மற்றதை மட்டும், பிறகு வேறு பள்ளத்தில். ஒவ்வொரு முறையும் அறுபது எண்ணி அணைத்தாள். கடைசியில் பழையவற்றையே திரும்பப் போட்டாள். நேற்றுவரை ஓடியவை. அவற்றுக்கும் திரை வரவில்லை.

பயந்திருக்க வேண்டிய இடம் அது. தான் பயப்படவில்லை என்பதை அவள் கவனித்தாள். வேறு யாருடைய கையோ திருப்புளியைப் பிடித்திருப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டே முக்காலுக்கு அஸ்கோ வந்தார்.

"என்னாச்சு?"

"திரை வரல."

"பழசையே போட்டுடு."

"போட்டாச்சு. அதுக்கும் வரல."

அஸ்கோ கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "இதப் பாரு இர்மெலி, உன்னக் குத்தம் சொல்லல. அவசரப்பட்டு வேலைக்கு வந்துட்டியோன்னு தோணுது. ஒன்பதரை வரைக்கும் பாரு. வரலன்னா கம்பெனி ஆளக் கூப்பிடுறேன். நீ வீட்டுக்குப் போ. செப்டம்பர்ல பேசிக்கலாம்."

"வீட்டுக்கு வேணாம் அஸ்கோ."

"ஓய்வு எடுன்னுதானே சொல்றேன்."

இரக்கத்தோடு சொல்வதை எதிர்த்து வாதாட வழியில்லை. அவர் போனதும், உள்ளே இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியைக் கழற்றி, சற்றுப் பொறுத்துத் திரும்ப மாட்டினாள். கறுப்பு. அறுபது. அது எட்டாவது முறை. புதிய ரேம்களை மறுபடி செருகி ஒன்பதாவது முறையாகப் பொத்தானை அழுத்தினாள். பன்னிரண்டு எண்ணியபோது வாசலில் ஹெய்மோ நின்றார். ரம்பம் ஓட்டுகிறவர், இருபது வருடம் தொழிற்சங்கப் பிரதிநிதி.

"மணி ஒன்பது. கைய எடு, காபி."

"நீ போ. நான் வரல."

"வரலயா? இந்தப் பதினஞ்சு நிமிஷத்த ஒப்பந்தத்துல எழுதி வாங்க எங்கப்பன் எத்தன நாள் தெருவுல நின்னான் தெரியுமா? நீ அத அஸ்கோவுக்குத் தானமாக் குடுக்கிறியா?"

"ஹெய்மோ, விடு."

"விட்டா நாளைக்கு அவன் என்ன கேப்பான்? இர்மெலியே குடிக்கல, உனக்கு என்னடா காபின்னு கேப்பான். எந்திரி. செத்தது செத்துருச்சு, பதினஞ்சு நிமிஷத்துல இன்னொரு தடவையா சாகப்போகுது?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. காது வரை சிவந்துவிட்டார்.

"மன்னிச்சுக்க."

"எதுக்கு?" என்றாள் இர்மெலி. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

மறுப்பதற்கும் தெம்பு வேண்டும். அது இல்லாததால் எழுந்து அவர் பின்னால் போனாள்.

காபி அறையில் ஹெய்மோ ஒரு டப்பாவைத் திறந்து அவள் முன் தள்ளினார். இனிப்பு ரொட்டி. "எம் பொண்டாட்டி சுட்டது. நல்லா இல்லன்னா எங்கிட்டச் சொல்லு, அவகிட்டச் சொல்லிராத. எனக்குத்தான் அடி விழும்."

அவள் தின்றாள். யாரோ கொசுக்களைப் பற்றிப் பேசினார்கள். கடிகார முள் கால் மணியைத் தொடும்வரை ஒருவரும் நாற்காலியை விட்டு அசையவில்லை. அந்தக் கூட்டத்தில் அது ஒழுக்கம் சார்ந்த விஷயம்.

திரும்பி வந்தபோது திரையில் வெளிச்சம் இருந்தது. மரங்களை அளக்கும் கட்டம் வரிசையாக விரிந்து, கடவுச்சொல்லுக்குக் காத்திருந்தது. ஆரஞ்சு விளக்கு அணைந்திருந்தது. புதிய ரேம் முழுவதையும் கணினி ஏற்றுக்கொண்டிருந்தது.

இர்மெலி எதையும் தொடவில்லை. மேசை இழுப்பறையில் கணினியோடு வந்த கையேடு உறை பிரிக்காமல் கிடந்தது. பிரித்துத் தேடினாள். ரேம் மாற்றினால் முதல் தடவை கணினி அதைச் சோதித்துத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். பத்து நிமிடம்வரை திரை இருண்டிருக்கலாம். அதுவரை அணைக்கக் கூடாது. ஏழாம் பக்கத்தில் மூன்றே வரி.

பழுது எங்கே என்று தெரியாதபோது ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது முறை. ரேமை நீக்கினாள், பள்ளத்தை மாற்றினாள், பேட்டரியைக் கழற்றினாள். முறையில் பிழையில்லை. நீக்குகிற கையை மட்டும் யாரும் நீக்கிப் பார்ப்பதில்லை. அதை ஹெய்மோதான் நீக்கினார், அதுவும் காபிக்காக.

ஒன்பது இருபத்தைந்துக்கு அஸ்கோ கைப்பேசியோடு வந்தார். திரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"வந்துருச்சே! என்ன பண்ணின?"

ஏதாவது ஒரு பழுதின் பெயர் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"காபி குடிச்சேன்" என்றாள். "இது எந்திரிக்கப் பத்து நிமிஷம் ஆகுமாம். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துலயே அணைச்சுட்டேன். எட்டுத் தடவை. சும்மா விட்டிருந்தா ஏழு மணிக்கே வந்திருக்கும். கம்பெனி ஆள் வந்திருந்தாலும் இதத்தான் சொல்லிருப்பான்."

அஸ்கோ கையேட்டை வாங்கி மூன்று வரியையும் படித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அங்கே படிக்க எதுவும் இல்லை. கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மரம் கொண்டுபோற மூணாம் நம்பர் வார்பட்டைல சென்சர் ஒன்னு விட்டு விட்டு வேல செய்யுது," என்றார். "மத்தியானம் அதப் பாத்துடு. திங்கக்கிழமை பலகை உலர்த்துற அறை."

"சரி."

அவர் போன பிறகு முதல் மரம் உள்ளே வந்து விழும் அதிர்வு தரையில் தெரிந்தது. திரையில் கோடுகள் ஓடின. பராமரிப்பு ஏட்டில் தேதி போட்டு, 'பழுது இல்லை. காத்திருக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பல்லிடுக்கில் ஏதோ உறுத்தியது. நாக்கால் நெம்பிக் கடித்தாள். ஏலக்காய். ரொட்டியில் சரியாகப் பொடிபடாமல் போன விதை.

காரமாகக் கொஞ்சம் கசந்தது. மென்று விழுங்கிவிட்டு, வார்பட்டையைப் பார்க்கத் திருப்புளியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.