ஆளில்லாத அடக்கம்

சவப்பெட்டி செய்கிறவன் ஒரு வீட்டு முற்றத்தில் கால் வைத்தால், வா என்று கூப்பிடுவதற்கு முன்னால் உள்ளே எல்லோருக்கும் மூச்சு இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள். பாறசாலையில் இருபது வருஷம் அந்தப் பார்வையை வாங்கியவன் நான். மலையாள அரசின் கீழிருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் நடந்த நாட்களில்தான் குடியை விடப் பார்த்தேன். கை நடுங்க நடுங்கத் தொழில் செய்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள்; அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

அளவு பிசகியது

பெட்டிக்குச் சொல்ல வருகிறவர்கள் கையில் ஒரு குப்பி சாராயமும் இருக்கும். துக்க வீட்டுக்காரர் கொடுப்பதை மறுக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் யோவான் என்ற பெரியவருக்குப் பெட்டி. நூல் பிடித்து அளந்தது நினைவிருக்கிறது. பலகை அறுத்தது நினைவில்லை. கொண்டுபோய் இறக்கினால் முக்கால் அடி குறைகிறது.

வேறு செய்ய நேரமில்லை. ஜெபம் சொல்லக் கோயில் உபதேசியார் வந்துவிட்டார், குழியும் வெட்டியாயிற்று. நாலு பேர் சேர்ந்து பெரியவரின் காலை மடக்கி உள்ளே வைத்தார்கள். அவருடைய மகள் என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ரகசியம் சொல்வதுபோல் சொன்னாள்: "அப்பாவுக்கு முட்டு மடக்கினா வலிக்கும், மேசிரி."

மூன்று தட்டு

அன்றே குடியை விட்டேன். மூன்றாம் நாள் உச்சி வெயில், பட்டறையில் தனியாக இருக்கிறேன். மூடி போட்டு வைத்திருந்த புதுப்பெட்டிக்குள்ளிருந்து யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு. விருந்துக்கு வந்தவர் கதவைத் தட்டுவதுபோல, மெதுவாக. மூடியைத் தூக்கினேன், இழைப்புச் சுருள் இரண்டு கிடந்தது. மூடினேன். மறுபடியும் மூன்று. சுத்தியலை எடுத்துச் சுற்றிலும் ஆணி அறைந்தேன். பிறகு பொறுக்க முடியாமல் ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மனைவி ரோசம்மா வந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் பெட்டிமேல் காதை வைத்து வெகுநேரம் கேட்டாள். குடியை விட்டவர்கள் வாராவாரம் கொல்லயில் என்ற ஊர்ப் பக்கம் எங்கேயோ ஒன்றாகச் சேர்கிறார்களாம், கோயிலில் பேசிக்கொண்டார்கள் என்றாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல்ல. ஆனா நீங்க தனியா இருந்து இதைக் கேக்காதீங்க. போய் அவியளத் தேடுங்க."

கூட்டம் எங்கே?

அப்போது நாலு பேர் சேர்ந்து நிற்கவே பயம். கூட்டம் என்றால் போராட்டக் கூட்டம்தான். போலீஸ் வந்து தலையை எண்ணும். கொல்லயிலில் முதல் வீட்டில், "கூட்டம் எங்க நடக்குது?" என்றேன். ஜன்னல் சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டு அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "இஞ்ச யாரும் சாகல்ல, போவும்" என்று கதவடைத்தாள்.

வயலோரத்தில் ஒரு மலையாளப் போலீஸ்காரர் சைக்கிளை நிறுத்தி, "எந்து கூட்டம்?" என்றார். மறைக்கத் தெம்பில்லை, உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை மூன்று மணிக்கு மிஷன் கோயில் கல்லறைத் தோட்டத்தில் ஏழெட்டுப் பேர் தலை குனிந்து நிற்கிறார்களாம். பெட்டி இல்லை, குழி இல்லை, அழுகை இல்லை. அடக்கத்தைக் கலைக்க உத்தரவில்லாததால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாராம். பேசும்போது அவர் வாயில் சாராய வாடை அடித்தது. அங்கே போக அவருக்குப் பயமாம். "அவிடெ போகான் எனிக்குப் பேடியாணு. நீ போயி, அது என்னவாக்கும்னு எங்கிட்டயும் பறயணும்."

யாருக்கு?

போனேன். அந்தத் தோட்டத்தில் மண்ணுக்கடியில் இருப்பவர்களில் பாதிப்பேர் நான் செய்த பெட்டியில் கிடக்கிறார்கள். யோவான் பெரியவரின் மண் இன்னும் இறுகவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். முந்திரிக் கொல்லாமரத்தடியில் எட்டுப் பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும் எட்டுப் பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். "யாருக்கு, மேசிரி?" என்றார் ஒருவர். "எனக்குத்தான்" என்றேன்.

பிறகு இடம் விட்டார்கள். வேறெங்கே சேர்ந்தாலும் பிடித்துக்கொண்டு போவார்கள் என்றுதான் அங்கே நிற்கிறார்களாம். ஒவ்வொருவராகப் பேரையும், குடிக்காமல் எத்தனை நாள் என்பதையும் சொன்னார்கள். என் முறை வந்தது. கால் நிற்கிற மண்ணுக்கடியில் மூன்று தட்டு. "கீழ தட்டுது" என்றேன். ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. பாலராமபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும் நெசவுக்காரர் வேலப்பன் என் தோளைத் தொட்டார். "எனக்கு ஆளில்லாத தறி ஓடுத சத்தம் கேட்டுது, மூணு மாசம். இப்பம் இல்ல. நீரு வெயில்ல நிக்காதயும், இஞ்ச நகந்து நில்லும்."

தலை எண்ணிக்கை

தட்டல் நிற்க எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் அந்தப் போலீஸ்காரரை வயலோரத்தில் கண்டு, அது என்னவென்று சொல்லியிருந்தேன். ஒரு சனிக்கிழமை அவர் வேட்டியில் வந்தார். எங்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இரண்டு பேர் மதில் ஏறி மறுபக்கம் சாடிவிட்டார்கள். அவர் வாசலிலேயே நின்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார். அவை என் கை நடுங்கியதைவிட மோசமாக நடுங்கின. "எண்ணான் வந்ததல்ல. என்னெயும் கூட்டி எண்ணிக்கோ."

அதற்குப் பிறகு நான் செய்த பெட்டி ஒன்றுகூட அளவு பிசகவில்லை என்றாலும், நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க ஆசைப்படுகிறவன் இந்தத் தொழிலுக்கு வரக் கூடாது.