ஒல்லியான கையும் முப்பது ராட்சதர்களும்

ஆக்லாந்து, 1996. ரக்பி மைதானத்தின் படிகளில் மழைக்கோட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் சிவநேசன். யாழ்ப்பாணத்துக்காரர், மவுண்ட் ஆல்பர்ட்டில் அவர் வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். எதிரே முப்பது ராட்சதர்கள் நனைந்தபடி அசையாமல் நிற்கிறார்கள்.

“ஏன் இன்னும் தொடங்கல?” என்கிறேன்.

“டிவியில விளம்பரம் போகுது. அது முடியவேணும்.”

ஆடுகளத்தின் எல்லைக்கோட்டோரம், காதில் கருவி மாட்டிய ஒல்லியான பெண் ஒருத்தி வலக்கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். நடுவரும் அவளையே பார்க்கிறார். இத்தனை பலத்தையும் அந்த ஒரு கை நிறுத்தி வைத்திருப்பதை என்னால் நம்ப முடியவில்லை.

“அந்தப் பெரிய ஆளைப் பாருங்கோ,” என்கிறார் சிவநேசன். “எங்கட தெருவில பைப் வேலை செய்தவர். போன வருசம் வரைக்கும் சும்மாதான் விளையாடினவர். இப்ப டிவிக்காரர் குடுக்கிற காசில சம்பளம். பக்கத்தில நிக்கிறவர் எங்கட மாவட்டத்தின்ர பரம எதிரி, தெற்கு மாவட்டம். இவற்ற மூக்கை உடைச்சதே அவர்தான். டிவிக்காக ரெண்டு மாவட்டத்தையும் ஒரே அணியாக்கிப் போட்டினம்.”

“உங்களுக்குச் சம்மதமா?”

“இல்லை. பத்து வருசமா தெற்குக்காரரைத் திட்டிக்கொண்டு இருக்கிறன்.”

பெண்ணின் கை இறங்குகிறது. பந்து மேலே எழுகிறது. பைப்காரர் அதைப் பிடித்ததுமே நான்கு பேர் அவர்மீது விழுகிறார்கள். தெற்குக்காரர் பாய்ந்து வந்து, நால்வரையும் தனியாளாகப் பின்னால் தள்ளுகிறார். என் காலடிப் பலகை அதிர்கிறது. பைப்காரர் எழுந்து, தன் மூக்கை உடைத்தவரின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஓடுகிறார்.

சிவநேசன் எழுந்து நிற்கிறார். உட்காரும்படி பின்வரிசையில் யாரோ கத்துவது அவர் காதில் விழவே இல்லை.